பழைய ஸ்கூல் பஸ் 75-க்கு மேல் ஏறவில்லை: டயரை மாற்றவா, கிரவுனை மாற்றவா?

பங்காளிபஸ் (கண்டனூர்):

எல்லோருக்கும் வணக்கம். பங்காளிகள் சிலர் சேர்ந்து 32 சீட் ஸ்கூல் பஸ் ஒன்றை ஏலத்தில் எடுத்தோம். சீட்டையெல்லாம் கழற்றியாச்சு. பின்பாதியில் அடுப்பு மேடையும் பாத்திர அடுக்கும், நடுவில் 500 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, முன்பாதியில் பெரியவர்கள் சாய்ந்துகொள்ள நாலு படுக்கை. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கிற எங்கள் கூட்டத்துக்குச் சோறும் நிழலும் இனி இந்த வண்டிதான். மற்ற மாதங்களில் நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயில்கள், ராமேஸ்வரம், எப்போதாவது சென்னை.

வண்டி நல்ல வண்டி. ஆனால் 60-ஐத் தாண்டினாலே இன்ஜின் கத்த ஆரம்பிக்கிறது, 72, 75-க்கு மேல் அசையவே மாட்டேன் என்கிறது. திருமயம் தாண்டி நல்ல ரோட்டில் பின்னால் வருகிறவன் எல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டே போகிறான். டயர் 8.25ஆர்16. ஐந்து கியர். டயர் கடைக்காரர் 20 இன்ச் டயர் மாட்டச் சொல்கிறார். மெக்கானிக் கிரவுனை, அதாவது பின் ஆக்சிலுக்குள் சக்கரங்களைச் சுற்றவைக்கிற பெரிய பல்சக்கரத்தை, மாற்றச் சொல்கிறார். இரண்டு பேரும் அடித்துச் சொல்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

டாப்கியர்_தேவகோட்டை:

டயர்தான் அண்ணே. பெரிய டயர், பெரிய வேகம். இதில் யோசிக்க என்ன இருக்கு? கிரவுனைப் பிரித்தால் ஆக்சிலின் கூடான ஹவுசிங்கைத் திறக்கணும், செலவு எங்கே போய் நிற்கும் என்று சொல்லவே முடியாது. டயர் எப்படியும் தேயத்தான் போகுது, அடுத்த செட்டை 20 இன்ச்சாக வாங்கிவிடுங்கள்.

கிரீஸ்கை (புதுக்கோட்டை):

பங்காளி அண்ணே, மருந்துக்கு முன்னாடி நோய் என்னவென்று பார்க்கணும். ஸ்கூல் பஸ் என்றால் ஸ்பீடு கவர்னர் 60-க்கு வைத்திருப்பார்கள், மோட்டார் வாகன விதி 118 அப்படித்தான் சொல்கிறது. மற்ற போக்குவரத்து வாகனங்களுக்குப் பொதுவாக 80. கவர்னர் பிடிக்கிற வண்டி கத்தாது, ஆக்சிலேட்டரை எவ்வளவு அழுத்தினாலும் அமைதியாக 60-லேயே நிற்கும். கியர் விகிதம் பிடிக்கிற வண்டிதான் கத்தும். உங்கள் வண்டி கத்துகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் எனக்கு விகிதத்தின் மேல்தான் சந்தேகம். இருந்தாலும் கவர்னர் இப்போது எதில் இருக்கிறது என்று சொல்லுங்கள்.

இன்னும் மூன்று விஷயம் வேண்டும். டாப் கியர் நேர் கியரா (இன்ஜின் ஒரு சுற்றுக்கு, பின் ஆக்சிலுக்குப் போகிற ஷாஃப்டும் ஒரு சுற்று), ஓவர்டிரைவா (ஷாஃப்ட் இன்ஜினைவிட வேகமாகச் சுற்றும்)? இன்ஜின் அதிகபட்சம் எத்தனை ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு எத்தனை சுற்று? ஆக்சில் விகிதம் என்ன, அதாவது சக்கரங்கள் ஒரு சுற்று சுற்ற அந்த ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது? விகிதம் சில வண்டிகளில் ஹவுசிங் தகட்டில் இருக்கும். தகடு போயிருந்தால் ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, கியரை நியூட்ரலில் போட்டு, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகிற புரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணுங்கள். ஹேண்ட் பிரேக்கை விட்டிருக்க வேண்டியிருக்கும், அதனால் தரையில் இருக்கிற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை போடாமல் அடியில் போகவே கூடாது.

பங்காளிபஸ்:

தம்பி, வண்டி வகை மாற்றும்போதே கவர்னரை 80-க்கு வைத்துக் கொடுத்துவிட்டார்கள். டாப் கியர் நேர் கியர்தான், ஓவர்டிரைவ் இல்லை. இன்ஜின் 2800-ல் வெட்டிக்கொள்கிறது. ஷாஃப்டில் சாக்பீஸ் கோடு போட்டுச் சக்கரத்தை ஒரு சுற்று விட்டோம். ஷாஃப்ட் மூன்று சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்றியது, 2.9 என்று வைத்துக்கொள்ளலாம்.

கணக்குவாத்தியார் (காரைக்குடி):

2.9 இருக்கவே முடியாது ஐயா. அந்த விகிதத்தில் உங்கள் பஸ் கணக்குப்படி 150 கிலோமீட்டர் ஓட வேண்டும்.

ஒரு சக்கரம் தரையிலும் ஒன்று அந்தரத்திலும் இருக்கும்போது, இரண்டு பின்சக்கரத்தையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடுகிற டிஃபரன்ஷியல் தன் வேலையைக் காட்டும். தரையில் இருக்கிற சக்கரம் சுற்றாததால், தூக்கிய சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது கிரவுன் அரைச் சுற்றுதான் சுற்றும். எனவே தூக்கிய சக்கரத்தை இரண்டு முழுச் சுற்று விட வேண்டும். உங்கள் கணக்கை இரட்டித்தால் 5.8 சொச்சம் வருகிறது. கிரவுனில் 41 பல், அதைச் சுற்றுகிற சின்னப் பல்சக்கரமான பினியனில் 7 பல் இருந்தால் 41/7 = 5.857. கிட்டத்தட்ட இதுவாகத்தான் இருக்கும்.

அடுத்து டயர். பக்கவாட்டில் போட்டிருக்கிற எண்ணை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், பாரம் ஏறினால் டயர் அமுங்கும். தொட்டியில் தண்ணீரை நிரப்பி, டயரும் தரையும் தொடுகிற இடத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, வண்டியை நேராக ஒரு சுற்று உருட்டி டேப்பில் அளந்து பாருங்கள். 8.25ஆர்16-க்கு 2.6 மீட்டர் பக்கம் வரும்.

சூத்திரம் சின்னதுதான். ஆர்பிஎம்மை டயர் சுற்றளவால் பெருக்கி, 60-ஆல் பெருக்கி, 1000-ஆல் வகுத்து, ஆக்சில் விகிதத்தால் வகுத்தால் டாப் கியரில் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கிடைக்கும். மற்ற கியர் என்றால் அந்தக் கியரின் விகிதத்தாலும் ஒருமுறை வகுக்கணும்.

2800 × 2.6 × 60 ÷ 1000 ÷ 5.857 = 74.6.

நீங்கள் சொன்ன 75 இதுதான். வண்டியில் கோளாறு எதுவும் இல்லை, அதன் உச்சமே அவ்வளவுதான். 60-ல் போகும்போதே இன்ஜின் 2250-ல் சுற்றுகிறது. தெருவுக்குத் தெரு நின்று பிள்ளைகளை ஏற்றுகிற வேலைக்குப் போட்ட விகிதம் அது, அந்த வேலைக்கு அது சரியும்கூட.

பங்காளிபஸ்:

இரண்டு சுற்று விட்டுப் பார்த்தோம். ஷாஃப்ட் ஆறுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றியது. உருட்டி அளந்ததில் 2 மீட்டர் 60 சென்டி. வாத்தியார் சொன்ன கணக்கேதான்.

டாப்கியர்_தேவகோட்டை:

சரி, அப்போ அதே சூத்திரத்தில் 20 இன்ச் டயரைப் போட்டுப் பாருங்க வாத்தியாரே. வேகம் கூடுதா இல்லையா?

கணக்குவாத்தியார்:

கூடுகிறது தம்பி, இல்லை என்று நான் சொல்லவில்லை. 8.25ஆர்20-க்குச் சுற்றளவு 2.95 மீட்டர் என்று வைத்தால் 2800-ல் 84.6 வருகிறது. 13 சதவீதத்துக்கு மேல் கூடுதல். கணக்கு உங்கள் பக்கம்தான். வண்டி யார் பக்கம் என்று கிரீஸ்கை சொல்வார்.

கிரீஸ்கை:

வண்டி யார் பக்கமும் இல்லை, பிரேக் டிரம் பக்கம்.

20 இன்ச் டயர் 16 இன்ச் டிஸ்க்கில் (டயர் மாட்டுகிற இரும்புச் சக்கரம்) உட்காராது. அதனால் ஸ்டெப்னியோடு ஏழு டிஸ்க் மாற்றணும், ஹப் போல்ட் வட்டம் பொருந்தணும். டயரின் விட்டம் சுமார் 11 சென்டி கூடுகிறது, அதாவது மேலே ஐந்தரை சென்டி ஏறும். பாரத்தில் ஸ்பிரிங் படுத்து, ஒரு பள்ளத்தில் இறங்கி, ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தால் முன் டயர் வீல் ஆர்ச்சில் உரசும். பின்னால் ஜோடி டயர் இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய சந்தும் மாறும். சந்து குறைந்தால் இரண்டின் பக்கச் சுவரும் உரசிச் சூடாகி வெடிக்கும். நம் பக்கத்துச் செம்மண் ரோட்டில் கல் வேறு சிக்கிக்கொள்ளும்.

இதைவிடப் பெரிய விஷயம் பிரேக். டிரம் அதே டிரம், லைனிங் அதே லைனிங். டயர் பெரிதானால் அதே பிரேக் தரையில் காட்டுகிற பிடிப்பு சுமார் 12 சதவீதம் குறையும். வேகத்தைக் கூட்டிவிட்டு நிறுத்துகிற பலத்தைக் குறைக்கிற வேலை இது. உள்ளே பெரியவர்கள் படுத்திருக்கிறார்கள், அடுப்பு மேடை இருக்கிறது. நான் செய்ய மாட்டேன், யார் செய்யச் சொன்னாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

டாப்கியர்_தேவகோட்டை:

சரிண்ணே, பிரேக் விஷயத்தில் வாயை மூடிக்கிறேன். ஆனால் ஒரு சந்தேகம். என் வேனில் 7.50-16 இருந்தது. போன வருஷம் 8.25-16 போட்டேன். 16 இன்ச்தானே என்று டிஸ்க்கை மாற்றவில்லை. அதிலிருந்து மைலேஜ் குறைந்துபோச்சு. ஆனால் டாப் கியரில் வண்டி முன்னைவிட அமைதியாகத்தான் ஓடுது. அமைதியாக ஓடினால் டீசல் மிச்சமாகணும் இல்லையா?

கணக்குவாத்தியார்:

மைலேஜ் உண்மையில் குறைந்திருக்காது, மீட்டரில் கிலோமீட்டர் குறைந்திருக்கும். மீட்டர் கியர்பாக்ஸின் பின்பக்கச் சுற்றைத்தான் எண்ணுகிறது. டயர் வளர்ந்தது அதற்குத் தெரியாது. 7.50-லிருந்து 8.25 என்றால் சுற்றளவு 6 சதவீதம் கூடும். நீங்கள் 106 கிலோமீட்டர் ஓடினால் மீட்டர் 100 என்று காட்டும். அந்த 100-ஐ ஊற்றிய டீசலால் வகுத்துவிட்டு மைலேஜ் போச்சு என்கிறீர்கள். சாலையோரக் கிலோமீட்டர் கற்களை வைத்து ஒருமுறை சரிபாருங்கள்.

பங்காளி ஐயாவும் இதைக் கவனிக்கணும், ஏனென்றால் கிரவுனை மாற்றினாலும் இதே கதைதான். 41/7-ஐ எடுத்துவிட்டு 41/9 போட்டால் மீட்டர் 60 காட்டும்போது வண்டி 77-ல் போய்க்கொண்டிருக்கும். கவர்னரும் அதே இடத்திலிருந்து வேகத்தை எடுக்கிறது என்றால் அதுவும் ஏமாறும். வேலை முடிந்த கையோடு இரண்டையும் புதிய விகிதத்துக்குத் திருத்தி வைக்கணும்.

கிரீஸ்கை:

தேவகோட்டைத் தம்பிக்கு இன்னொன்று. 7.50-16-க்கான டிஸ்க் 6.00ஜி, 8.25-16-க்கு 6.50எச். இரண்டும் 16 இன்ச் என்றாலும் அகலம் வேறு. பழைய டிஸ்க்கிலேயே போட்டிருந்தால் டயரின் நடுப்பகுதி சீக்கிரம் தேயும். நாளைக்கே போய்ப் பாருங்கள்.

ஒஹையோவில்_ஒருத்தன்:

சொந்த ஊர் பள்ளத்தூர், இப்போது இருப்பது அமெரிக்காவில். இங்கே பழைய ஸ்கூல் பஸ்ஸை வீடாக மாற்றி ஊர் சுற்றுகிற கூட்டம் பெரிய கூட்டம், அவர்களுக்கும் இதே தலைவலிதான். பல பஸ்களில் ஆக்சில் விகிதம் 5-க்கு மேல் இருக்கும். பழைய பஸ்களில் அலிசன் ஏடி545 என்ற நாலு கியர் ஆட்டோமேட்டிக் அதிகம். டாப் கியர் நேர் கியர், இன்ஜினையும் கியர்பாக்ஸையும் எண்ணெய் வழியாக இணைக்கிற கன்வெர்ட்டருக்குப் பூட்டும் கிடையாது, அதனால் எப்போதும் கொஞ்சம் வழுக்கிக்கொண்டே போகும். சூத்திரத்தில் வருகிற வேகம் ரோட்டில் வராது. நீங்கள் மேனுவல் கியர்பாக்ஸ் வைத்திருப்பதால் அந்தத் தொல்லை இல்லை.

இங்கே டயர் கம்பெனி அட்டவணையிலேயே ஒரு மைலுக்கு எத்தனை சுற்று என்று போட்டுவிடுவார்கள். 11ஆர்22.5 என்றால் சுமார் 500 சுற்று. 10ஆர்22.5-லிருந்து 11-க்கு மாறினால் கிடைப்பது 3 சதவீதம் அளவுதான். அதற்காக ஆறு டயருக்குப் பணம் போடுகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். விஷயம் தெரிந்தவர்கள் ஆக்சில் விகிதத்தை மாற்றுவார்கள், அல்லது ஓவர்டிரைவ் உள்ள கியர்பாக்ஸுக்குப் போவார்கள்.

ஓவர்டிரைவைப் பற்றி இங்கே யாரும் பேசவில்லையே? டாப் கியர் 0.78 உள்ள பெட்டி கிடைத்தால் 5.857 × 0.78 = 4.57. 41/9 கிரவுன் போட்டதற்குச் சமம். ஃபர்ஸ்ட் கியர் இழுவையும் கையைவிட்டுப் போகாது.

கிரீஸ்கை:

உண்மைதான், கிடைத்தால் அதுதான் முதல் தரம். ஆனால் கிளட்ச் ஸ்பிளைன், பெல் ஹவுசிங், கியர் லீவர் வருகிற இடம், ஷாஃப்ட் நீளம் எல்லாம் ஒத்துவரணும். ஷாஃப்டை வெட்டி ஒட்டினால் பேலன்ஸ் பார்க்கணும், இல்லையென்றால் 65-ல் பாத்திரம் எல்லாம் தாளம் போடும்.

நத்தம்ரோடு (ஓய்வுபெற்ற டிரைவர்):

எல்லோரும் வேகக் கணக்கே போடுகிறீர்கள் தம்பிகளா, இழுவையை யார் பார்ப்பது?

சைக்கிளில் முன்பல் சக்கரத்தைப் பெரிதாக்கினால் வேகம் போகலாம், ஆனால் மிதிக்கிற கால் அதே கால்தான். விகிதத்தைக் குறைத்தால் இன்ஜினுக்குக் குதிரைசக்தி கூடிவிடாது. 60-லிருந்து 80-க்குப் போக ஏறக்குறைய இரண்டு மடங்கு சக்தி வேண்டும், காற்றை இடித்துக்கொண்டு போகிற சதுரப் பெட்டி அது. சமதளத்தில் சமாளிக்கும். எதிர்க்காற்று அடித்தாலோ மேட்டில் ஏறினாலோ டாப்பில் நிற்காமல் நாலுக்கு இறங்கும். இப்போது நாலாவதில் ஏறுகிற மேட்டில் 41/9 போட்டால் மூன்றாவது கேட்கும். பழனியோடு திரும்புகிற வண்டிக்குப் பரவாயில்லை. யாராவது ‘அப்படியே கொடைக்கானலும் போய் வந்துவிடலாம்’ என்றால் அப்போது தெரியும்.

அப்புறம் நடைப் பயணம். நடக்கிறவர்கள் வேகம் நாலு, நாலரை. அதற்கு ஃபர்ஸ்ட் கியர் எப்படி வரும்?

கணக்குவாத்தியார்:

நல்ல கேள்வி ஐயா. ஃபர்ஸ்ட் கியர் 6.4 என்று வைத்துக்கொள்கிறேன். ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஐடிலில், 650 ஆர்பிஎம்மில், இப்போது வண்டி 2.7 கிலோமீட்டரில் ஊரும். 41/8 போட்டால் 3.1, 41/9 போட்டால் 3.5. மூன்றிலுமே நடக்கிறவர்களைவிட மெதுவாகப் போக முடியும். 41/9-ஓடு 20 இன்ச் டயரையும் சேர்த்தால் ஐடிலிலேயே 4-ஐத் தொட்டுவிடும். அப்போதுதான் கிளட்ச்சை அரைமிதியில் வைத்து ஓட்ட வேண்டிவரும், பிளேட் கருகும்.

நத்தம்ரோடு:

கணக்கு சரி. ஆனால் நடக்கிறவர்கள் பின்னாலேயே பஸ்ஸை யார் உருட்டுகிறார்கள்? சமையல் வண்டி என்றால் கூட்டம் கிளம்பும் முன்பே பாத்திரத்தைக் கழுவி ஏற்றிக்கொண்டு அடுத்த தங்கலுக்கு ஓடி அடுப்பை மூட்ட வேண்டாமா? சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று அந்தப் பாதையில் தைப்பூச சமயத்தில் ரோடு பூராவும் காவடியும் பாதயாத்திரைக் கூட்டமும்தான். நடுவில் ஒரு பஸ் ஊர்ந்துகொண்டு வந்தால் நடக்கிறவர்களுக்குப் புகைதான் மிச்சம். நாள் முழுக்க ஊர்ந்தால் ரேடியேட்டரும் சூடாகும். காலில் கொப்புளம் போட்டவர்களை ஏற்ற ஒரு சின்ன வண்டி பின்னால் வரட்டும்.

இழுவை வேண்டியது வேறு இடத்தில். தங்குகிற இடம் பெரும்பாலும் தோப்பு, பள்ளிக்கூட மைதானம், கண்மாய்க்கரை ஓரம். தண்ணீர்த் தொட்டியை நிரப்பிக்கொண்டு மணலிலிருந்து மேடேறி ரோட்டுக்கு வரும்போது ஃபர்ஸ்ட் கியர் பேசணும். அதற்குத்தான் விகிதத்தை ரொம்பவும் இறக்காதீர்கள் என்கிறேன். 41/8 போதும்.

பங்காளிபஸ்:

அண்ணே, நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு. எங்கள் பெரியவர்களும் வண்டி முன்னால் போகணும் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள், சின்னவர்கள்தான் கூடவே வரணும் என்று நின்றார்கள். 41/8-ல் வேகம் எவ்வளவு வரும் வாத்தியார் ஐயா?

கணக்குவாத்தியார்:

2000 ஆர்பிஎம்மில் 61. 2400-ல் 73. முழுசாக 2800 வரை இழுத்தால் 85, ஆனால் அதற்கு முன்பே கவர்னர் 80-ல் பிடித்துக்கொள்ளும். 41/9-ல் 2000-க்கு 68, 2400-க்கு 82. 65-ல் போவதுதான் உங்கள் உத்தேசம் என்றால் இப்போது இன்ஜின் 2440-ல் சுற்றுகிறது, 41/8-ல் 2135-க்கு இறங்கும். அந்த 300 சுற்று காதுக்கு நன்றாகத் தெரியும்.

ஆத்தங்குடியான்:

நடுவில் ஒரு கேள்வி. தரைக்கு என்ன போட்டிருக்கிறீர்கள்? செட்டிநாட்டு பஸ் என்றால் ஆத்தங்குடிக் கல் பதிக்க வேண்டாமா? படம் எடுத்துப் போட்டால் ஊரே பேசும்.

கிரீஸ்கை:

பேசும், பஸ் நின்றுபோச்சு என்று பேசும். சிமெண்ட் கல் ஒரு சதுர அடிக்கு மூன்றரை, நாலு கிலோ வரும். 120 சதுர அடி என்றால் நானூறு கிலோவைத் தாண்டும், தொட்டித் தண்ணீர் அளவுக்கு இன்னொரு பாரம். அதோடு பஸ் தரை முறுக்கிக்கொண்டே இருக்கும், முதல் பயணத்திலேயே கல் விரிசல் விடும். பிளைவுட் போட்டு மேலே ரெக்ஸின் விரித்துவிடுங்கள். ஆத்தங்குடி டிசைனில் கோலம் வேண்டுமானால் போட்டுக்கொள்ளலாம்.

ஆத்தங்குடியான்:

இரக்கமே இல்லாத ஆள்.

பங்காளிபஸ்:

டயர் அப்படியே இருக்கட்டும், கிரவுன் 41/8 என்று முடிவு செய்துவிட்டோம். 41/9-க்கு ஒரு பங்காளி இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார், அவர் சென்னைக்காரர். மெக்கானிக் மதுரையில் பழைய சாமான் கடையில் ஒரு செட் பார்த்து வைத்திருக்கிறார். வாங்கும்போது எதைக் கவனிக்கணும் கிரீஸ்கை தம்பி?

கிரீஸ்கை:

முதலில் கிரவுனும் பினியனும் ஜோடியா என்று பாருங்கள். இரண்டையும் ஒன்றோடு ஒன்று உரசவிட்டுத்தான் கடைந்திருப்பார்கள், இரண்டிலும் ஒரே ஜோடி எண் பொறித்திருக்கும். எண் வேறு வேறாக இருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம், ஊளையிட்டே உயிரை எடுக்கும். பல்லில் அம்மைத் தழும்பு மாதிரி குழி இருக்கிறதா, நுனி நீலம் பாய்ந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். நீலம் என்றால் ஆயில் இல்லாமல் ஓடிய சாமான்.

பல் எண்ணிக்கை மாறினால் பினியன் பருமனும் மாறும், சில ஆக்சில்களில் கிரவுனைத் தாங்குகிற பழைய கேரியரில் உட்காராது. அதனால் தனி கிரவுன் பினியனைவிட, கேரியரோடு முழு செட்டாகக் கிடைத்தால் கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தாவது அதை எடுங்கள். ஆக்சில் ஷாஃப்ட் ஸ்பிளைன் எண்ணிக்கையும் ஒத்துவரணும். எப்படியானாலும் பேரிங் புதுசு, சீல் புதுசு. மாட்டும்போது டயல் வைத்துப் பல் இடைவெளி பார்க்கச் சொல்லுங்கள், பல்லில் சாயம் தடவிச் சுற்றினால் தடம் பல்லின் நடுவில் விழணும். ‘கை அனுபவத்திலேயே சொல்லிவிடுவேன்’ என்கிறவரிடம் கொடுக்காதீர்கள். ஓட்டிப் பார்த்துவிட்டு ஆயிலை ஒருமுறை வடித்து, துணியில் வடிகட்டி, தூள் வருகிறதா என்று பாருங்கள்.

மாட்டுவதற்கு முன்பே ஆர்டிஓ அலுவலகத்தில் ஒரு வார்த்தை எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவில் வருகிற விஷயம். எஃப்சி நேரத்தில் கேள்வி வந்தாலும், இன்சூரன்ஸில் கேள்வி வந்தாலும் கையில் காகிதம் இருக்கணும்.

நத்தம்ரோடு:

மாட்டிய பிறகு முதல் ஓட்டத்தைப் பாரம் இல்லாமல் பிள்ளையார்பட்டி வரைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். ஆக்சிலேட்டரை அழுத்தும்போது ஊளைச் சத்தம், விடும்போது வேறு சத்தம் என்று வந்தால் எந்தப் பக்கம் தப்பு என்று மெக்கானிக்குக்குப் புரியும். ரேடியோவை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.

பங்காளிபஸ்:

எல்லோருக்கும் நன்றி. இந்தப் பக்கம் யார் வந்தாலும் கண்டனூரில் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டுத்தான் போகணும். தைப்பூசத்தின்போது என்றால் பஸ்ஸிலேயே பந்தி.

டாப்கியர்_தேவகோட்டை:

அண்ணே, கழற்றுகிற 41/7 செட்டை என்ன செய்யப் போறீங்க? எங்க மாமா வண்டி செங்கல் லோடு அடிக்குது, அவருக்கு வேகம் வேண்டாம், இழுவைதான் வேணும். ஜோடி எண் இருக்கான்னு பார்த்துச் சொல்லுங்க. ஆக்சில் ஒத்துவந்தா நானே வந்து எடுத்துக்கிறேன்.